சிலுப்பாத கிடாயும் நகராத டைனினும்

போன வாரம் நான் உங்கள் ஆய்வகத்துக்கு வந்திருந்தபோது, உங்களில் ஒருவர் நுண்ணோக்கித் திரையைப் பார்த்துவிட்டு, "எதுவும் நகரல மேடம். புரதம் செத்துப்போச்சு. கழுவி ஊத்திட்டு வேற போட்டுரவா?" என்று உங்கள் தலைவரிடம் கேட்டார். அவர் பதில் சொல்லுமுன் நான் வாயைத் திறந்துவிட்டேன். ஓய்வு பெற்றவள், விருந்தாளியாக வந்த இடத்தில் காப்பியைக் குடித்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். எனக்கு அது வராது. என் கையும் காலும் ஓரிடத்தில் நிற்காது என்பது அருப்புக்கோட்டையில் என்னோடு வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும். அன்று அரைகுறையாகக் கத்திவிட்டு வந்ததை இப்போது முழுதாக எழுதி அனுப்புகிறேன்.

உங்களில் சிலர் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகின்றன என்றார்கள். அதனால் அடியிலிருந்தே சொல்கிறேன். முதுகுத்தண்டில் இருக்கும் ஒரு நரம்பு செல்லின் வால் கால் பெருவிரல் வரைக்கும் நீளும். பெருவிரலில் வேண்டியது முதுகில் தயாராகிறது. பெருவிரலில் தேய்ந்துபோனது முதுகுக்குத் திரும்பி வர வேண்டும். அதற்காகச் செல்லுக்குள் மெல்லிய குழாய்கள் தண்டவாளம்போலக் கிடக்கின்றன. அவற்றின்மேல் சில புரதங்கள் சரக்கைச் சுமந்துகொண்டு நிஜமாகவே நடக்கின்றன. வெளியே கொண்டுபோகும் மோட்டார் கைனசின். உள்ளே திருப்பிக் கொண்டுவரும் மோட்டார் டைனின். இந்தப் போக்குவரத்து கெட்டால் கால் சூம்பும், நடை தடுமாறும்.

என் வாழ்நாளைத் தின்றது இந்த டைனின்தான். கைனசின் நல்ல பிள்ளை, எரிபொருளைக் கொடுத்தால் கிளம்பிவிடும். டைனின் அப்படி இல்லை. தண்டவாளத்தில் கொண்டுபோய் வைத்தாலும், வேண்டிய எரிபொருளைக் கொட்டினாலும், காலைக் காலோடு பின்னிக்கொண்டு நிற்கும். டைனாக்டின் என்ற துணைப் புரதம் வர வேண்டும், சரக்கை மாட்டும் கொக்கிப் புரதமும் வர வேண்டும். மூன்றும் கைகோத்த பிறகுதான் அது மடிப்பு விரிந்து நடக்கும். இன்றைக்கு உங்களுக்கு இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் சின்னக் கல்லூரியில் இருந்துகொண்டு இதைக் கண்ணால் பார்ப்பதற்குள் எங்களுக்குப் பிராணன் போய் வந்தது.

பாண்டிச்செல்வி என் கடைசி ஆய்வு மாணவி. நரிக்குடிப் பக்கத்துப் பிள்ளை. வீட்டில் ஆடுகளும், மழை பெய்தால் விளையும் கொஞ்சம் நிலமும். அதிர்ந்து பேச மாட்டாள், ஆனால் ஒன்றைப் பிடித்தால் விட மாட்டாள். மடங்க முடியாதபடி வெட்டிச் செய்த டைனினை வைத்துத்தான் அவள் ஆய்வின் பெரும்பகுதியை முடித்திருந்தாள். அது நன்றாக ஓடும், துணைப் புரதம் சேர்ந்தால் இன்னும் நீண்ட தூரம் ஓடும். அழகான படங்கள். ஆய்வேடு போனது. தேர்வாளரிடமிருந்து ஒரே ஒரு கேள்வி திரும்பி வந்தது: நீங்கள் மோட்டாரை வெட்டி ஓட வைத்திருக்கிறீர்கள். உயிருள்ள ஓர் உடம்பிலிருந்து எடுத்த முழு டைனின், துணை வரும்வரை காத்து நிற்கிறதா? காட்டுங்கள், அல்லது இந்த அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள்.

அந்த அத்தியாயத்தை எடுத்தால் மிச்சம் இருப்பது முன்னுரையும் நன்றியுரையும்தான். பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பும் முடியப்போகிறது. ஒற்றை மூலக்கூற்றைப் பார்க்கும் நுண்ணோக்கி எங்களிடம் கிடையாது. மதுரையில் ஓர் ஆய்வகம் தயவு பண்ணி ஒரு நாள் ஒதுக்கியிருந்தது. அதை விட்டால் அடுத்த முறை வருவதற்குள் செல்வியின் காலம் முடிந்துவிடும். இத்தனை வருட உழைப்பும் பட்டமும் அந்த ஒரு நாளில் தொங்கின.

முழு டைனின் வேண்டுமென்றால் மூளை வேண்டும். ஆட்டு மூளை, வெட்டிய சூட்டோடு பனிக்கட்டியில் இறங்க வேண்டும். அருப்புக்கோட்டைச் சந்தைக் கறிக்கடைக்காரர் எங்களுக்கு வாடிக்கை. விடியுமுன் வெட்டுவார், நாங்கள் வாங்கி வந்துவிடுவோம். மதுரைக்குப் போக வேண்டியதற்கு முந்தின நாளும் அப்படித்தான் வாங்கி வந்து வேலையைத் தொடங்கியிருந்தோம். பாதியில் கரண்ட் போய், அரைத்த மூளையைக் குளிரில் வைத்துச் சுழற்றிப் புரதத்தைப் பிரிக்கும் குளிர் சுழலி நின்றுவிட்டது. ஜெனரேட்டர் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூடியைத் திறந்தபோது உள்ளே வெதுவெதுப்பும் ஒரு வாடையும். புரதம் கெட்டுவிட்டது.

கறிக்கடைக்காரருக்குப் போன் போட்டேன். "மூளையா? அதெல்லாம் இந்நேரம் ஓட்டல் தோசைக்கல்லுல மிளகு தூவிக் கெடக்கும் மேடம். நாளைக்கு விடியல்ல வாங்க" என்றார். நாளை விடியலில் வாங்கினால் நாளைக்கே மதுரையில் பார்க்க முடியாது. நான் ஆய்வகத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். செல்வி ஸ்டூலில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"மேடம், இன்னிக்கு எங்க குலசாமிக்குக் கிடா வெட்டு. திருச்சுழி தாண்டி கம்மாக்கரையில. மத்தியானத்துக்குள்ள வெட்டுவாக."

"அதை இப்பச் சொல்றியா?"

"வேலை இருக்கு, வர முடியாதுன்னு சொல்லிட்டேன் மேடம். சித்தப்பா கோவமா இருக்காரு. நான் படிப்ப முடிக்கணும்னு அவர் நேந்துக்கிட்ட கிடா அது."

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. அவள் பட்டத்துக்காக நேர்ந்த கிடாயின் வெட்டுக்கு அவளே போகவில்லை, பட்டத்துக்கான வேலை இருக்கிறதாம். மீன் கடையில் ஐஸ் வாங்கிப் பெட்டியை நிரப்பிக்கொண்டு காரில் கிளம்பினோம். வழியில் அவள் சித்தப்பாவுக்குப் போன் செய்து, மேடமும் வருகிறார், ஒரு தலையை எடுத்து வையுங்கள் என்றாள். பங்காளிகள் வீட்டுக் கிடா ஒன்றை அப்போதுதான் வெட்டியிருந்தார்களாம். எனக்கு உயிர் வந்தது.

கருவேலங்காட்டுக்கு நடுவே கண்மாய்க் கரையில் கோயில். சித்தப்பா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடி வந்தார். கையில் வாழை இலை, இலையில் தலை. கரேலென்று தீயில் வாட்டி, மயிரைச் சுரண்டி, மஞ்சள் தடவி, பளபளவென்று இருந்தது.

"மேடம் வாராகன்னு நானே நின்னு வாட்டுனேன். ஒரு மயிர் இருக்காது, பாருங்க."

இந்த ஊரில் யாரும் தலையை வாட்டாமல் கொடுக்க மாட்டார்கள். விருந்தாளிக்கு என்றால் இன்னும் கொஞ்சம் நன்றாகவே வாட்டுவார்கள். உள்ளே இருந்த டைனின் எல்லாம் அவித்த முட்டை ஆகியிருக்கும். அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து எனக்குத் திட்டவும் வாய் வரவில்லை. செல்வி மட்டும், "சித்தப்பா, பச்சையா வேணும் சித்தப்பா" என்றாள், அழுவதற்கு முந்தின குரலில்.

"அதுக்கென்னத்தா, ஒன் கிடா இன்னும் நிக்குதுல்ல" என்றார் அவர்.

நின்றது. மாலை போட்டு, பொட்டு வைத்து, சாமிக்கு முன்னால் கம்பீரமாக நின்றது. பூசாரி மஞ்சள் தண்ணீரை அதன் முதுகிலும் தலையிலும் தெளித்தார். கிடாய் உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம், வெட்டலாம். சிலுப்பவில்லை என்றால் அரிவாள் இறங்காது. இது உங்களில் பலருக்குத் தெரிந்த வழக்கம்தான்.

கிடாய் சிலுப்பவில்லை.

மறுபடி தெளித்தார்கள். அது ஆற அமர அசைபோட்டது. கூட்டம் "தாயே, உத்தரவு குடு" என்றது. கிடாய் என்னைப் பார்த்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெட்டியின் அடியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் வேப்ப மரத்துக்கும் காருக்கும் நடந்தேன், காரிலிருந்து மரத்துக்கு நடந்தேன். மூளையை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பி, பிரித்தெடுத்து, விடிந்ததும் மதுரைக்கு ஓட வேண்டும். இங்கே ஓர் ஆடு யோசித்துக்கொண்டிருக்கிறது.

சித்தப்பா என் அவஸ்தையைப் பார்த்துவிட்டு அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "காதுக்குள்ள ரெண்டு சொட்டு விட்டா தன்னால சிலுப்பிரும் மேடம். பல ஊர்ல அப்படித்தான் பண்ணுறாங்ய. விட்டுருவமா?"

எனக்கு அது மிக அறிவியல்பூர்வமான யோசனையாகப் பட்டது. தலையை ஆட்டினேன். செல்வி குறுக்கே வந்தாள்.

"வேணாம் சித்தப்பா."

"ஏத்தா, ஒனக்குத்தான அவசரம்?"

"அவசரந்தான். அதுக்காகக் காதுல தண்ணிய ஊத்திச் சிலுப்ப வச்சிட்டு, சாமி சொல்லுச்சுங்கிறதா? எனக்காக நேந்தது சித்தப்பா. அதுவாச் சிலுப்பட்டும். இல்லாட்டி வேணாம்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். உன் பட்டம் போகப்போகிறது பெண்ணே, ஆட்டுக்கு நியாயம் பார்க்கிறாயே என்று எனக்குள் கொதித்தது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. தேர்வாளர் கேட்டதும் இதையேதான். வெட்டி ஓட வைத்தாயா, அதுவாக ஓடியதா? அந்தக் கேள்வி அவளை எவ்வளவு ஆழமாகக் குத்தியிருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியவில்லை.

கூட்டத்தில் ஒரு கிழவர் சொன்னார்: "பிள்ள வந்ததுலருந்து ஐஸ் பொட்டியக் கட்டிப்பிடிச்சுக்கிட்டே நிக்கிது. செருப்பக்கூடக் கழட்டல. ஆத்தா பாத்துக்கிட்டுத்தான இருக்கா." செல்வி குனிந்து காலைப் பார்த்தாள். பெட்டியை என் கையில் கொடுத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், சாமிக்கு முன்னால் சுடு மணலில் விழுந்து கும்பிட்டு, ஓரமாக நின்றாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, பெட்டியைச் சுமந்த கைக்கு அது மிக நீளமான நேரம். பூசாரி மறுபடி தெளித்தார். கண்மாய்ப் பக்கமிருந்து காற்று வந்தது. கிடாய் தலையிலிருந்து வால்வரை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. பெண்கள் குலவை போட்டார்கள். ஈர முதுகில் காற்றுப் பட்டால் எந்த ஆடும் சிலுப்பும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்ததை மறைக்க மாட்டேன்.

அடுத்த சிக்கல் பூசாரி. தலை அவருடைய உரிமை.

"பரம்பரை பரம்பரையாத் தல எங்களுக்கு டீச்சரம்மா. மருமக மசாலா அரைச்சு வச்சுட்டா."

"தலையைத் தந்துர்றோம் பூசாரி. மூளை மட்டும் போதும்."

"மூளை இல்லாத தலையா?"

"ஊர்ல பாதிப் பேர் அப்படித்தான திரியுறாக" என்று சித்தப்பா எடுத்துக் கொடுத்தார். பூசாரி சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "சாமிக்கு வெட்டுனது. என்ன செய்யப் போறீகன்னு தெரியாம எப்படிக் குடுக்க?" என்றார். செல்வி அவர் முன்னால் குத்தவைத்து, உடம்புக்குள் நடக்கும் மோட்டாரைப் பற்றிச் சொன்னாள். எத்தனை எச்.பி. என்று ஒருவர் கேட்டார், பூசாரி அவரை முறைத்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "அது நடக்குறத எனக்குக் காட்டணும். அதுக்குச் சம்மதம்னா எடுத்துக்கங்க" என்றார். செல்வி சத்தியம் செய்து கொடுத்தாள்.

பிரித்தெடுத்த கதையைச் சொல்லி உங்களைத் தூங்கவைக்க மாட்டேன். மறுநாள் மதுரையில், இருட்டறையில், நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்தோம். தண்டவாளங்கள் சிவப்பாக, டைனின் பச்சைப் புள்ளிகளாக. எரிபொருள் விட்டாயிற்று. முதலில் மோட்டார் மட்டும், துணை இல்லாமல்.

எதுவும் நகரவில்லை. நகரக் கூடாது என்பதுதான் எங்கள் எதிர்பார்ப்பு. ஆனால் அந்த அறையில் உட்கார்ந்து பாருங்கள், தெரியும். காத்து நிற்கும் மோட்டாரும் செத்துப்போன மோட்டாரும் திரையில் ஒரே மாதிரிதான் இருக்கும். நேற்று வெயிலில் ஐஸ் உருகியது, சாலையில் குலுங்கியது, எல்லாம் என் கண்முன் வந்தது. நுண்ணோக்கிக்குப் பொறுப்பானவர் நல்ல மனிதர், எங்களுக்காகப் பதறினார். "மேடம், இது செத்துப்போச்சு. உங்க மாணவி வெறும் புள்ளியைப் படம்பிடிச்சு நேரத்தை வீணாக்குறாங்க. பழைய வெட்டின டைனின் கொண்டு வந்திருக்கீங்கள்ல, அதைப் போட்டு ஓடுற மாதிரி நாலு படமாவது எடுத்துட்டுப் போங்க" என்றார். எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. வெறுங்கையோடு திரும்புவதைவிட அது மேல் என்று வாய்வரை வந்துவிட்டது.

செல்வி திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "செத்திருந்தா கட்டி கட்டியாத் திரண்டு, கண்ட இடத்துல கெடக்கும் மேடம். இது ஒவ்வொண்ணும் தனித்தனியா, தண்டவாளத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிது. அங்க ஒண்ணு முன்னயும் பின்னயும் ஆடுது பாருங்க."

பார்த்தேன். உண்மைதான். நகரவில்லை என்பதை மட்டுமே பார்த்தோம், எப்படி நிற்கிறது என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை. என் வேலை அந்த அறையில் ஒரே ஒரு முடிவு எடுப்பது. நேரம் நம்முடையது அல்ல, போனால் திரும்பாது. "பழையதை எடுக்க வேண்டாம்" என்றேன். "நிற்பதை முழுசாப் படம்பிடி. அப்புறம் துணையைச் சேர்."

அவள் அந்த அசையாத படத்தை, குறித்து வைத்திருந்த நேரம் முடியும்வரை எடுத்தாள். நான் பென்சிலால் என் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தேன். அவள் அதைப் பிடுங்கிவைத்தாள். பிறகு டைனாக்டினையும் கொக்கிப் புரதத்தையும் சேர்த்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பொறுப்பானவர் பெருமூச்சு விட்டார். மேல் ஓரத்தில் ஒரு புள்ளி நகர்ந்தது. நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்காமல் தண்டவாளத்தின் கடைசிவரைக்கும் போனது. அடுத்து ஒன்று. அப்புறம் அவை நகரத் தொடங்கிய இடமெல்லாம் பார்க்க எங்களுக்குக் கண் போதவில்லை.

வாய்மொழித் தேர்வு எங்கள் கல்லூரி அரங்கில் நடந்தது. பொதுவாக அங்கே பேராசிரியர்களும், லட்டுக்கும் மிக்சருக்கும் வந்த மாணவர்களும் இருப்பார்கள். அன்று ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். செல்வியின் அம்மா, சித்தப்பா, பங்காளிகள், முன்வரிசையில் சலவை வேட்டியோடு பூசாரி. கொடுத்த வாக்கு வாக்குத்தானே.

செல்வி ஓடும் படத்தை முதலில் காட்டியிருக்கலாம். அவள் நிற்கும் படத்தைப் போட்டாள். திரையில் பச்சைப் புள்ளிகள் அப்படியே இருந்தன. அரங்கு நெளிந்தது. தேர்வாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "படம் நின்னுபோச்சா?"

"இல்லைங்க சார், ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. மோட்டார்தான் நிக்கிது."

"கெட்டுப்போன புரதமா இருக்கலாமே?"

"அதே புரதந்தான் சார் அடுத்த படத்துலயும். கொஞ்சம் பொறுங்க."

முன்வரிசையிலிருந்து பூசாரி பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார். மெதுவாகச் சொல்வதாக அவருக்கு நினைப்பு, அரங்கு முழுக்கக் கேட்டது: "இன்னும் உத்தரவு ஆகல."

அடுத்த படம். அதே தண்டவாளங்கள், அதே புள்ளிகள். கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. மேல் ஓரத்தில் ஒரு புள்ளி கிளம்பி, நிற்காமல், ஓரம்வரை போனது.

செல்வியின் அம்மா குலவை போட்டார். யோசித்துப் போட்டதாகத் தெரியவில்லை, தன்னால் வந்துவிட்டது. ஒரு நொடி தயங்கி, பின்வரிசைப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். கல்லூரி அரங்கின் கூரை அதிர்ந்தது. தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என்ன சத்தம் இது?"

"அது நகர்ந்துருச்சுன்னு சொல்றாங்க சார்" என்றேன்.

அவர் பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டார். பிறகு, "நிற்கிற படத்தை இன்னொரு முறை போடுங்கள்" என்றார். செல்வி போட்டாள். இம்முறை யாரும் நெளியவில்லை. வேனில் வந்தவர்களும், பேராசிரியர்களும், மிக்சருக்கு வந்தவர்களும், எதுவும் நடக்காத அந்தப் படத்தை மூச்சு விடாமல் பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைத் துடைக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை. மேடம் ஒரு படம் முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன் என்று செல்வி இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.